குழாய்க்குள் சமைக்க ஆளில்லை

ஓசூருக்குப் பக்கத்தில் ஒரு கீரைப் பண்ணை. அதன் மேலாளர் குலோத்துங்கன் வேளாண்மையில் பெரிய பட்டம் வாங்கியவர். மண்ணே இல்லாமல், ரசாயன உரம் கரைத்த தண்ணீரைக் குழாய்களில் ஓடவிட்டுக் கீரை வளர்த்தார். வெளியே நாலு பாத்தியில் தொழு உரம் போட்டுக் கீரை வளர்த்தாள் கூலிக்கு வந்த மாதம்மா.

ஒருநாள் முதலாளியம்மா தன் வீட்டுக்கு மாதம்மாவின் கீரைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார். அன்றிலிருந்து குலோத்துங்கனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பாத்திகளைப் பார்த்தாலே வயிறு எரிந்தது.

அடுத்த முறை முதலாளியம்மா வந்ததும், "இனிமே பண்ணைக்கு ஒரே உரம்தான் மேடம்," என்றார். "மாதம்மா தன்னோட எருவைக் கரைச்சு என் குழாயில கீரை வளர்த்துக் காட்டட்டும். முடியலைன்னா பாத்தியை அழிச்சிடலாம்."

மாதம்மா தலையாட்டினாள். "வளர்த்துடலாம் சார். ஆனா எருவைச் செடி அப்படியே சாப்பிடாது. மண்ணுல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உசுருங்கதான் அதைச் சமைச்சுப் போடும். உங்க குழாய்க்குள்ள சமைக்க ஆளில்லையே. தண்ணிக்கு உங்க உரம், மண்ணுக்கு என் எரு. படிச்ச உங்களுக்கு இது தெரியாதா?"

முதலாளியம்மா அவர் பக்கம் திரும்பினார். "தெரியுமா, தெரியாதா?"

தெரியும் என்றால் வஞ்சகத்தின் சாயம் வெளுத்துவிடும். தெரியாது என்றால் பட்டத்தின் மானம் போய்விடும். குலோத்துங்கன் பணிவாகச் சொன்னார்:

"தெரியாதுங்க மேடம்."

"அப்போ நாளையிலிருந்து மாதம்மாகிட்ட கத்துக்கங்க."

மறுநாள் காலை மாதம்மா மரியாதையாக வணக்கம் சொல்லி, சாணக் கூடையை அவர் கையில் கொடுத்தாள்.