போணி ஆகாத கடைத்தெரு

குருவுக்கு வயது இருபத்து நாலு. சீடருக்கு அறுபத்தொன்று. சிரிக்க வேண்டாம், தஞ்சாவூரில் இதுவும் நடந்தது.

குரு ஷாஹின். சின்னக் கடைத்தெருவின் ஷட்டர்களில் எல்லாம் நண்பர்களோடு சேர்ந்து படம் வரைந்தவள். ஞாயிறுதோறும் வெளியூர்க்காரர்களை நடத்திக் கூட்டிப்போய் ஊரைக் காட்டுவாள். சீடர் அடைக்கலசாமி, ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். காலண்டர் தாள் கிழிப்பதைத் தவிர மனுஷனுக்கு வேலையே இல்லாமல் போய், ஊர் காட்டக் கற்றுக்கொடு என்று அவளிடம் வந்து நின்றார்.

இரண்டு முறை கூட்டிப்போனார். இரண்டு முறையும் கூட்டம் பாதியில் கழன்றுகொண்டது. மூன்றாவதும் சொதப்பினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக ஷாஹின் சொல்லிவிட்டாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஊரை எப்படித்தாம்மா காட்டுறது?" என்று கேட்டார்.

"கடை திறக்குறதுக்கு முன்னாடி போயிடுங்க சார். திறந்துட்டா படமெல்லாம் மேல சுருண்டுக்கும்."

அவ்வளவுதான் பாடம். அதையாவது கேட்டாரா? மூன்றாவது ஞாயிறும் அகழிக் கரையில் எட்டுப் பேரை நிறுத்தி, எந்த நாயக்கர் எப்போது வெட்டினார் என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. வாத்தியார் புத்தி எங்கே போகும்? கடைத்தெருவுக்கு வந்தபோது மணி ஒன்பது. அத்தனை ஷட்டரும் மேலே. படம் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் வாளியும் கயிற்றுக் கட்டும் தொங்கின.

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடைக்கலசாமி தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஷாஹினைப் பார்த்தார். அவள் இன்னொரு டீ சொன்னாள்.

வேறு வழியில்லாமல் வாளிக்கடை கலியமூர்த்தியிடம் போனார். வாழ்நாள் முழுக்கச் சொல்லியே பழகியவர், அன்றைக்குத்தான் அந்தத் தெருவில் ஒருவரிடம் கேட்டார். ரெண்டே நிமிஷம் ஷட்டரை இறக்க முடியுமா என்று குழைந்தார்.

"இன்னும் போணியே ஆகலை. இப்பப் போய்ச் சாத்தச் சொல்றீங்களே, நல்லாருக்கா சார்?"

நியாயம்தானே. காலையில் முதல் வியாபாரம் ஆகாமல் எவர் கடையைச் சாத்துவார்? அடைக்கலசாமி ஒரு வாளி வாங்கினார். கலியமூர்த்தி பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சிரித்தபடி ஷட்டரை இறக்கினார். அதில் பந்து வீச ஓடிவரும் ஒரு பெண். அது தன் மகள்தான் என்றும், வரைந்தவர்களோடு சண்டை போட்டு மூன்று தடவை மூக்கைத் திருத்த வைத்தாள் என்றும் அவர் சொல்லச் சொல்ல, எட்டுப் பேரும் கிட்டே வந்துவிட்டார்கள்.

அடுத்த கடையில், வந்தவர்களில் ஒரு அம்மாவே முந்திக்கொண்டு கயிறு வாங்கினார். அதற்கடுத்ததில் கற்பூரம். ஷட்டர்கள் கடகடவென்று இறங்கின. தகவல் தெரிந்து அந்த மகளே வந்துவிட்டாள், வரைந்தவர்களில் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு. மூக்குச் சண்டை மறுபடி ஆரம்பித்தது. கற்பூரக் கடைக்காரர் கோட்டை கட்டிய ராஜாவின் பெயரைத் தப்பாகச் சொன்னார். வாத்தியார் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

பதினொரு மணிக்கு எல்லோரும் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். ஒருவர்கூடப் பாதியில் கழலவில்லை. அடைக்கலசாமி டீக்கடை வாசலில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, அப்பாடா என்றார். உசுரு திரும்பி வந்த மாதிரி இருந்தது.

"தப்பு என்னோடதுதாம்மா. அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கே கூட்டிட்டு வந்துடறேன்."

ஷாஹின் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"வேணாம் சார். ஒன்பதுக்கே வாங்க."