கீழ்ப்படியின் ஈரம்

இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில், ஆலய முற்றத்தின் நடுவே, படிகளின் மேல் நெடிய கற்சிலுவை ஒன்று நின்றது. அங்கே அடங்கியவர் எவருக்கும் தனிக்கல் கிடையாது. அத்தனை பேருக்கும் அது ஒன்றே அடையாளம். பாடையை அதன் கீழ்ப்படியில் சற்று இறக்கிவைத்த பிறகே அடக்கம் செய்வார்கள்.

பியர்ஸின் அண்ணன் கோலினுக்கு அது வாய்க்கவில்லை. ஆலைக்குளத்தில் பிணமாக மிதந்தவனை, தானே உயிரை மாய்த்துக்கொண்டவன் என்றது ஊர். தற்கொலை செய்தவருக்குப் புனித மண்ணில் இடமில்லை என்ற விதிப்படி, வாசல்வரை வந்த பாடையைக் குரு ஜெர்வாஸ் திருப்பி அனுப்பினார். சுவருக்கு வெளியே, தொட்டால் தடிக்கும் காஞ்சொறிப் புதருக்குள் புதைத்தார்கள்.

அன்றிலிருந்து மாலைதோறும் கீழ்ப்படி நனைந்திருந்தது, மழையில்லாத நாளிலும். சில வேளை குளத்துப் பாசியும் ஒட்டியிருக்கும். குருவின் சீடனான பியர்ஸ் அதைத் துடைப்பான். துணியைப் பிழிந்து நிமிர்வதற்குள் கல் மீண்டும் நனைந்துவிடும்.

"சுவாமி, அண்ணனை உள்ளே கொண்டுவரலாமா?"

குரு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆலயத்துக்குள் போனார்.

கோடையில், இத்தகைய சிலுவைகள் விக்கிரகங்கள் என்று அரசாணை வந்தது: சிலுவையின் தலைப்பகுதியை உடைத்து, புனித மண்ணுக்கு வெளியே புதைத்துவிட வேண்டும். ஊர்க்காவலன் சம்மட்டியால் அடித்துத் தள்ளினான்.

"புதைக்கிற வேலை உங்களுடையது, சுவாமி. கைவந்த தொழிலாயிற்றே!" என்று சிரித்துவிட்டுப் போனான்.

குரு அங்கியை வரிந்து கட்டினார். மண்வெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"பியர்ஸ், அந்தப் பக்கம் பிடி."

இருவரும் கல்லைச் சுமந்து வாசலைத் தாண்டினார்கள். பின்னாலேயே நீர் சொட்டும் ஓசை ஒன்று வந்தது. பியர்ஸ் திரும்பிப் பார்க்கப் போனான்.

"கல்லைப் பார்த்து நட" என்றார் குரு.

காஞ்சொறிப் புதருக்குள் போய் நின்றார்.

"இங்கேயா, சுவாமி?"

"ஆணை என்ன சொல்கிறது?"

"புனித மண்ணுக்கு வெளியே என்று."

"உன் அண்ணன் எங்கே கிடக்கிறான்?"

பியர்ஸ் மண்வெட்டியை வாங்கிக்கொண்டான்.

குழி மூடியதும் சொட்டும் ஓசை நின்றது. குரு அந்த மண்ணில் முழந்தாளிட்டு, கோலினைப் புதைத்த அன்று சொல்லாத அடக்கச் செபத்தை ஒரு சொல் விடாமல் சொன்னார்.

மறுநாள் மாலை பியர்ஸ் கீழ்ப்படியைத் தொட்டுப் பார்த்தான். பகல் வெயிலின் சூடு கல்லில் இருந்தது. ஓடி வந்தான்.

"சுவாமி, படி காய்ந்திருக்கிறது! அண்ணன் உள்ளே வந்துவிட்டானா?"

குரு தம் கைகளில் காஞ்சொறி எழுப்பியிருந்த தடிப்புகளைத் தடவிக்கொண்டார்.

"இல்லை, பியர்ஸ். நாம்தான் வெளியே போனோம்."