நெய்க்குடத்துக்கு அடியில் போன கத்தரி

செய்தது நீதான். வாயைத் துடைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்துவிட்டால் ஆயிற்றா? அந்தக் காலத்து உடம்புக்காரன் செய்ததைத்தான் நீயும் செய்துகொண்டிருக்கிறாய். சடைச்சிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டு, அப்புறம் அடுத்த இலையைப் போடச் சொல்.

அந்தக் காலத்தில் உடம்புக்குள் இருந்த எல்லாவற்றுக்கும் வாய் இருந்தது. குடல் முனகும், கல்லீரல் நாள் முழுக்க வாயடிக்கும். கல்லீரல் ஓர் ஊர். சுவரோடு சுவர் ஒட்டி வரிசை வரிசையாக வீடுகள், வீட்டுக்கு ஓர் உயிரணு. அதில் ஒருத்தி சடைச்சி.

அந்த ஊரில் சாவுக்கு யாரும் பயந்ததில்லை. ஒவ்வொரு வீட்டு மூலையிலும் ஒரு கத்தரி தொங்கும். காலம் முடிந்தவள் அடுப்பை அணைப்பாள். கத்தரியை எடுத்துத் தன்னையும் வீட்டையும் நறுக்கிச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி வைப்பாள். தெருச் சுற்றும் பெருவாயன் வந்து ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டுப் போவான். ஒரு சொட்டுச் சிந்தாது. காலி மனையில் பக்கத்து வீட்டுக்காரி தன் மகளைக் குடிவைப்பாள்.

ரத்தத்தில் சுமை கொண்டுவருகிறவன் உதிரன். உடம்புக்காரன் பட்டினி கிடக்கும் நாளுக்கென்று வீட்டுக்கு இரண்டு குடம் நெய் இறக்குவான். அதுதான் வழக்கம். ஒருநாள் நாலு குடத்தோடு வந்து நின்றான்.

“வேய், ரெண்டுக்கு மேல ஒரு சொட்டு இறக்கக் கூடாது” என்றாள் சடைச்சி.

“நான் என்ன செய்ய? மேல தின்னுட்டே இருக்காவ.”

“அவுக தின்னா, சரக்கு அடுக்க என் வீடு என்ன பொதுக் கிட்டங்கியா? மூணு வையும். மூணாவதை நாளைக்கே தூக்கிரணும்.”

“நாளைக்கு நடப்பாவ. எல்லாம் கரைஞ்சிரும்.”

பேரத்தில் ஜெயித்துவிட்டதாகச் சடைச்சிக்கு நினைப்பு. அந்த நாளை வரவே இல்லை. குடங்கள் வந்தன. நாலு, ஏழு, பத்து. மிச்சமிருந்தது கத்தரி மூலை ஒன்றுதான். “சாகிற அன்னைக்குத்தானே கத்தரி வேணும்” என்று சொல்லி அங்கேயும் அடுக்கினாள். ஊரே அப்படித்தான் அடுக்கியது.

பிறகு ஒருநாள், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாடத்தி கூப்பிட்டாள்.

“மதினி, உன் கத்தரியைத் தா. என்னோடது குடத்துக்கு அடியில மாட்டிக்கிட்டு. எனக்கு நேரமாச்சு.”

“என்னோடதும் அடியிலதான் இருக்கு. பொறு மதினி, தள்ளிப் பார்க்கேன்.”

தோளைக் கொடுத்துத் தள்ளினாள். குடம் அசையவில்லை. நடுச்சுவர் மெல்லப் புடைத்து வந்தது. மாடத்தியின் மூச்சு அதற்குள் இரைந்தது.

“மதினி, சீக்கிரம்.”

அடுத்த மூச்சில் அந்த வீடு வெடித்தது. கொதிக்கும் நெய்யும் கரியும் தெருவெல்லாம் தெறித்தன. சடைச்சியின் சுவர் ஒரு பக்கம் வெந்துபோனது. மறுபக்கச் சுவரில் ஒட்டிக் குடியிருந்தவள் அவள் மகள்.

“அம்மா, நம்ம வீடும் வெடிக்குமா?”

சடைச்சி தன் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். தன் சுவரும் புடைக்கத் தொடங்கியது அவளுக்குத் தெரிந்துவிட்டது. தான் வெடித்தால் மகள் வெந்துபோவாள்.

அதுவரை சத்தம் போட்டே அறியாத பெருவாயன், சிந்தியதைக் கண்டு மிரண்டு, தெருத் தெருவாக அலறிக்கொண்டு ஓடினான். அந்த அலறலில் இன்னும் நாலு வீடு வெடித்தது. ஊரில் கயிறு திரிக்கிறவர்கள் ஓடி வந்தார்கள். விரிசலைக் கட்டத்தான் வந்தார்கள். ஆனால் பயத்தில், இடிந்த மனை, நிற்கிற வீடு, நடக்கிற வழி என்று எல்லாவற்றையும் வரிந்து கட்டினார்கள்.

சடைச்சி மேலே பார்த்துக் கத்தினாள். “உடம்புக்காரரே, இலையிலிருந்து கையை எடும்.” அடுத்த வார்த்தை வருவதற்குள் கயிறு ஊரின் வாயையும் சுற்றி இறுகியது.

அன்று முதல்தான் கல்லீரல் ஊமை. கொழுத்து வீங்கினாலும், உள்ளே வீடு வீடாக வெடித்தாலும், வெளியே சத்தம் வராது. வெடித்த இடத்தில் வடுதான் இறுகும்.

உனக்குள்ளும் ஒரு சடைச்சி இன்னும் குடத்துக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறாள். விரல் நுனியில் கத்தரி படுகிறது, பிடிக்க முடியவில்லை. அவள் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. கை நுழைகிற இடம், அவ்வளவுதான். எழுந்து நட. ஒரு குடத்தையாவது இன்றைக்கே கரை.