ஒரு துப்பாக்கி, இரண்டு பெண்பிள்ளைகள்

ஈரோட்டில் மருந்துக்கடை வைத்திருந்த சாந்தாமணி, கணவன் தங்கவேலையும் பன்னிரண்டு வயது மகள் மகிழினியையும் கூட்டிக்கொண்டு, அந்தக் கோடை விடுமுறைக்குக் கென்யாவின் வடகோடிக்குப் போனாள். அங்கே ஓர் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தில் தொண்டு செய்யத்தான் போனார்கள். தங்கவேலின் நண்பன் தூத்துக்குடி பெனடிக்ட்டும் குடும்பத்தோடு வந்திருந்தான். ஆண்கள் கூரையைச் செப்பனிட்டார்கள். சாந்தாமணி புண்களுக்கு மருந்து போட்டாள். மகிழினியோ அந்த இல்லத்தில் வளர்ந்த நக்கீரு என்ற சிறுமியை விட்டுப் பிரியவே மாட்டாள்.

நக்கீரு, தன் ஊரைக் கொளுத்தி ஆட்களை வெட்டியவனைக் கண்ணால் கண்டவள். நீதிமன்றத்தில் அவனை அடையாளம் காட்ட வேண்டியவளும் அவள் ஒருத்திதான்.

பெனடிக்ட்டின் மனைவி மக்கள் சந்தைக்குப் போயிருந்த ஒரு காலையில், அந்தக் கொலைகாரனின் ஆட்கள் இருவர் துப்பாக்கியோடு வந்தார்கள். காவலாளியை வாசலிலேயே சுட்டுத் தள்ளினார்கள். சாந்தாமணி பாய்ந்துபோய் நக்கீருவைத் தானிய அறைக்குள் தள்ளினாள். விறகு பிளந்துகொண்டிருந்த பெனடிக்ட்டும் கோடாலியோடு அதே அறைக்குள் புகுந்துகொண்டான். முற்றத்தில் அகப்பட்டவள் மகிழினி.

இருவரில் மூத்தவன் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்துக் காதோரம் துப்பாக்கியை அழுத்தினான். "நக்கீரு எங்கே? சொன்னால் இவளை விட்டுவிடுகிறேன்."

"அந்த அறையில்," என்று தங்கவேல் கைகாட்டினான்.

"இல்லை, அவளை நேற்றே போலீஸ் கூட்டிப் போய்விட்டது!" என்று அலறினாள் சாந்தாமணி.

"சாந்தா, நம்ம மக சாவப்போறா!" என்று தமிழில் கதறினான் தங்கவேல்.

"அதுவும் புள்ளதானுங்க!"

மூத்தவன் சிரித்தான். துப்பாக்கிக் கட்டையால் மகிழினியின் தோளில் ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்தது சாந்தாமணிக்குக் கேட்டது. பிடித்த முடியை விடாமலே, கூட்டாளியைத் தானிய அறைக்கு ஏவினான்.

உள்ளே போனவன் கழுத்தில் கோடாலி இறங்கியது. அவன் கத்தியதும் மூத்தவன் துப்பாக்கியை அறைப்பக்கம் திருப்பினான். அந்தக் கணத்தில் தங்கவேல் அவன் கைமேல் விழுந்தான். குண்டு சுவரில் பாய்ந்தது. துப்பாக்கி தெறித்து விழுந்தது. மூத்தவன் மண்டியிட்டு இரு கைகளையும் தூக்கினான்.

"பெனடிக்ட், வேண்டாம்!" என்றான் தங்கவேல். ரத்தம் சொட்ட வெளியே வந்த பெனடிக்ட் நிற்கவில்லை. மண்டியிட்டவனை, அசைவு அடங்கிய பிறகும் வெட்டிக்கொண்டே இருந்தான்.

மருத்துவமனையில் மகிழினி தாயைத் தொடவிடவில்லை. "அவன் சுட்டிருந்தா என்னம்மா பண்ணியிருப்பே?" என்று மட்டும் கேட்டாள். நக்கீருவோ தங்கவேலைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கினாள். பெனடிக்ட் சோற்றில் கை வைக்கவில்லை.

கேட்டவர்களே, சொல்லுங்கள்: காட்டிக்கொடுத்த தகப்பன், பொய் சொன்ன தாய், கோடாலி தூக்கிய நண்பன், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: சாந்தாமணி செய்ததே சரி. இடத்தைச் சொன்ன பிறகும் மகிழினிக்கு அடிதான் விழுந்தது. அவளை அவன் விடவில்லை. கொலைகாரன் வாக்கை நம்பி இன்னொரு பிள்ளையை விலையாகக் கொடுத்தது தங்கவேலின் பிழை. அவன் பயம் பிழையல்ல. பெனடிக்ட்டின் முதல் வெட்டு காவல். கை தூக்கியவன்மேல் விழுந்தது கொலை. ஆனால் மகள் கேட்ட அந்தக் கேள்வியைச் சாந்தாமணி இன்றுவரை தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.