தெளிந்த தண்ணீரும் கறுத்த மணலும்

ஒரு தீவின் தென்கரையில், பவளப்பாறைகளுக்கு நடுவே ஒரு கடல் குட்டை இருந்தது, குழந்தைகளே. ஒரு சிறிய வாய் வழியாகக் கடல் அலை அதற்குள் வந்து போகும். அதனால் தண்ணீர் எப்போதும் புதிதாகவே இருந்தது.

ஒருமுறை அடித்த புயலில் பெரிய பாறை ஒன்று உருண்டு வந்து அந்த வாயை அடைத்துக்கொண்டது. வரத்தும் நின்றது, போக்கும் நின்றது. மூன்றே நாளில், தின்ற மிச்சமும் அழுகிய பாசியும் சேர்ந்து குட்டை கலங்கிவிட்டது.

குட்டைக்குத் தலைவர் கலவா மீன். கனத்த உடம்பு, பெரிய வயிறு, எல்லாம் உடனே நடக்க வேண்டும் என்ற அவசரம்.

"பௌர்ணமிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அன்றைக்குத்தான் கடல் பொங்கி இந்தப் பாறைக்கு மேலே வரும். அதுவரை தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்க யாரால் முடியும்?" என்று கேட்டார்.

பாறையில் ஒட்டியிருந்த சிப்பி, "எங்கள் கூட்டம் செய்யும். தண்ணீரை உள்ளே இழுத்து, அழுக்கைப் பிடித்துக்கொண்டு, நல்ல தண்ணீரை வெளியே விடுவோம். ஆனால் ஐந்தாறு நாள் ஆகும். அதுவரை எல்லோரும் அரை வயிறு சாப்பிட வேண்டும்" என்றது.

"அரை வயிறா?" என்று கலவா முகம் சுளித்தார்.

உடனே நண்டு கொடுக்கை உயர்த்தியது. "எனக்கு ஒரே பகல் போதும், தலைவரே! யாரும் பட்டினி கிடக்க வேண்டாம். தினமும் நல்ல இரையில் ஒரு பங்கு எனக்குக் கொடுத்துவிடுங்கள்."

"ஆகா! நீதான் சரியான ஆள்" என்றார் கலவா.

நண்டு சொன்னபடியே செய்தது. மாலைக்குள் தண்ணீர் கண்ணாடி போல ஆகிவிட்டது. மீன்கள் வாலை அடித்துக் கொண்டாடின. அழுக்கெல்லாம் எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் குட்டையில் செவ்வந்தி என்றொரு கோமாளி மீன் இருந்தாள். பாறையடியில், மணலை ஒட்டி, இருநூறு முட்டைகள் இட்டிருந்தாள். அவற்றைவிட்டு நகராமல் செட்டையால் விசிறிக்கொண்டே இருப்பாள்.

இரண்டாம் நாள் ஏழு முட்டைகள் வெளுத்துப்போயின. மறுநாள் இருபது. மணலிலிருந்து கெட்ட வாடை வந்தது. செவ்வந்தி வாலால் மணலைக் கிளறிப் பார்த்தாள். மேலே வெள்ளை மணல். ஒரு விரல் ஆழத்தில் கரிபோலக் கறுப்பு. நண்டு அழுக்கை எடுக்கவே இல்லை. குழி தோண்டிப் புதைத்து, மேலே மணலைத் தள்ளி மூடியிருந்தது.

நேராகக் கலவாவிடம் போனாள். "தலைவரே, தண்ணீர் கெட்டுக்கொண்டிருக்கிறது."

"உனக்குக் கண் இல்லையா? என் வால் நுனிகூடத் தெளிவாகத் தெரிகிறதே!"

"தெரிகிறது. ஆனால் மூன்று நாளாக நீங்கள் ஏன் அடியில் இறங்கவே இல்லை? தண்ணீர் மட்டத்திலேயே நின்று வாயை ஏன் திறந்து திறந்து மூடுகிறீர்கள்?"

கலவா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நண்டு கெட்டிக்காரன். அவன் தப்பாகச் செய்திருக்க மாட்டான்" என்று முணுமுணுத்தார்.

நண்டோ அப்போது தண்ணீருக்கு வெளியே, பாறை உச்சியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. செவ்வந்தி அதைப் பார்த்தாள். ஒரு யோசனை வந்தது. எல்லோரையும் கூப்பிட்டாள்.

"நண்டு அண்ணனுக்கு இன்று மரியாதை செய்யப்போகிறோம். இருப்பதிலேயே கொழுத்த இறாலை அவருக்காக வைத்திருக்கிறேன். அண்ணே, வாருங்கள்! நீங்கள் சுத்தம் செய்த மூலையிலேயே, அந்த மணல் பள்ளத்தில் வைத்திருக்கிறேன். அங்கேயே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுங்கள்."

"இங்கே கொண்டுவந்து கொடேன்" என்றது நண்டு.

"உங்கள் வேலையின் அருமையை எல்லோரும் பார்க்க வேண்டாமா?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறாலோ கொழுத்த இறால். நண்டு இறங்கியது. பள்ளத்தின் விளிம்புவரை வந்தது. ஒரு கால் வைத்தது, பின்வாங்கியது. இன்னொரு கால் வைத்தது. அவ்வளவுதான், இறாலைத் தொடாமலே திரும்பி, விழுந்தடித்துக்கொண்டு பாறைமேல் ஏறிவிட்டது.

"என்ன அண்ணே, பசியில்லையா?"

"அங்கே எவனால் மூச்சுவிட முடியும்?" என்று நண்டு கத்திவிட்டது.

கலவா தலையைத் தொங்கப்போட்டார். பிறகு சிப்பியிடம் போனார்.

"சிப்பியக்கா, தப்பு என்னுடையது. இனிமேலாவது முடியுமா?"

"முடியும். ஆனால் இனி அரை வயிறு போதாது, கால் வயிறுதான். புதைத்ததை எல்லாம் முதலில் வெளியே எடுக்க வேண்டும்."

"அதை எடுக்க ஆள் இருக்கிறது" என்றாள் செவ்வந்தி. "கரையில் நடக்கக் கால் உள்ளவர் இங்கே ஒருவர்தான்."

நண்டு மறுக்கவில்லை. மறுத்தால் இரை கிடையாது. கறுத்த அழுக்கைக் கொடுக்கால் அள்ளி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாறைக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்டியது. ஒருநாள் அல்ல, நாலு நாள். கிளறக் கிளறத் தண்ணீர் முன்பைவிடக் கலங்கியது.

"பயப்படாதீர்கள். இது வெளியே வருகிற அழுக்கு" என்றாள் செவ்வந்தி.

சிப்பிகள் வாய் திறந்து இரவு பகலாக உறிஞ்சின. ஏழாம் நாள் கலவா மறுபடி அடியில் போய்ப் படுத்தார்.

எல்லாமே பிழைக்கவில்லை, குழந்தைகளே. மூலையில் இருந்த ஒரு பவளக்கொத்து வெளுத்தது வெளுத்ததுதான். முட்டைகளிலும் அறுபது போய்விட்டன.

பௌர்ணமி மாலை கடல் பொங்கிப் பாறையைத் தாண்டி உள்ளே பாய்ந்தது. மீதி நூற்று நாற்பது முட்டைகளும் அந்தப் புதுத் தண்ணீரில் பொரிந்தன. கண்ணாடித் துணுக்கு போன்ற குஞ்சுகள் செவ்வந்தியின் செட்டையைச் சுற்றி நீந்தின.

நீதி: ஒரு வேலையை ஒருவரிடம் ஒப்படைக்கும் முன், தான் செய்த வேலைக்குள் தானே வாழ அவர் துணிவாரா என்று பார்.