வைத்திலிங்கத்தின் விரல்

அன்று காலை சட்டைநாதனுக்கு முன்பல் உடைந்தது. கல்லையும் கடிக்கவில்லை, முறுக்கையும் கடிக்கவில்லை. தூங்கி எழுந்து வாய் கொப்பளித்தார். தண்ணீரோடு ஒரு துண்டு வந்து விழுந்தது, அவ்வளவுதான்.

குருபூஜைக்கு இன்னும் ஒன்பது நாள். அன்று மடத்தில் பதிகம் ஓதுவது ஆறு வருடமாக அவர்தான். உடைந்த பல் வழியே காற்று போனால் சொல் சொல்லாக நிற்காது. அவரால் முடியாது என்றால் பக்கத்துப் பாயில் படுக்கும் வைத்திலிங்கம் ஓதுவார். அதை நினைத்த மாத்திரத்தில் சட்டைநாதனுக்குத் தாடை இறுகியது.

டாக்டரைப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் குருவின் அறைக்குப் போனார். தபால் ஆபீசில் ஓய்வு பெற்று மடத்துக்கு வந்தவர் சட்டைநாதன். குரு அவரைவிட இருபது வயது இளையவர்.

"என்ன சொன்னாங்க டாக்டரம்மா?"

"தூக்கம் சரியில்லையாம் சாமி. தூக்கத்துல இன்னும் பல்லை நறநறன்னு கடிக்கிறேனாம். கடிச்சுக் கடிச்சுப் பல்லு தேயுது, அந்த வலியில தூக்கம் இன்னும் கெடுதுன்னாங்க. உடைஞ்சதை ஒட்டித் தருவாங்களாம். ஆனா கடிக்கிறது நிக்காம ஒட்டினா ஒரு வாரம்கூடத் தாங்காதாம்."

"ராத்திரி மாட்டிக்க ஏதோ கொடுத்திருந்தாங்களே?"

சட்டைநாதன் மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தகட்டை எடுத்து வைத்தார். நடுவில் அது ஓட்டையாகியிருந்தது.

"எத்தனை நாள் ஆச்சு?"

"பத்து நாள் சாமி."

குரு தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓட்டை வழியே ஜன்னல் கம்பி தெரிந்தது.

"யாரை இப்படிக் கடிக்கிறீங்க?"

"யாரையும் இல்ல சாமி. எனக்கு யார் மேலயும் ஒண்ணும் கிடையாது."

நம்பித்தான் சொன்னார். அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. படுக்கப் போகுமுன் பக்கத்துப் பாய்க்காரரைக் கும்பிட்டு 'பிழை பொறுக்க' என்று சொல்ல வேண்டும். அவர் 'பொறுத்தேன்' என்று சொல்ல வேண்டும். பாய் போடுவது தீட்சை பெற்ற வரிசைப்படி, யாரும் இடம் மாற முடியாது. ஆகவே தினமும் வைத்திலிங்கம் கேட்பார், சட்டைநாதன் பொறுப்பார். 'பொறுத்தேன்' என்பதில் மடத்திலேயே அவர் குரல்தான் கணீரென்று இருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

குரு வைத்திலிங்கத்தை வரச் சொன்னார். சமையல்கட்டில் புளி கரைத்த கையைத் துடைத்துக்கொண்டே அவர் வந்து நின்றார்.

"நீங்க இங்கேயே படுங்க," என்றார் குரு சட்டைநாதனிடம். "கொஞ்ச நேரம் தூங்குங்க. வைத்திலிங்கம், பக்கத்துல உட்கார்ந்து அவர் பல்லுக்கு நடுவுல உங்க ஆள்காட்டி விரலை வைங்க. தகடு தாங்கல."

சட்டைநாதன் சிரிக்கப் பார்த்தார். குரு சிரிக்கவில்லை.

படுத்தார். கண்ணை மூடினார். வாய்க்குள் விரல் வந்தது. புளி வாசம் அடித்தது. தாடை தானாக மூடத் தொடங்கியது. நிறுத்தப் பார்த்தார், அது நிற்கவில்லை. விரலின் எலும்பு பல்லில் தட்டுப்பட்டது. தன்னைக் கண்டே அவருக்குப் பயம் வந்தது. அந்தக் கையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"வேண்டாம் சாமி. கடிச்சிடுவேன்."

"தூக்கத்துலதானே? அது உங்க தப்பில்லையே."

"நான் தூங்கவே இல்ல சாமி."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அறுபத்தாறு வயதில் இப்படி ஒரு வெட்கம் அவருக்கு வந்ததில்லை.

"மூணு வருஷத்துக்கு முன்னால குருபூஜையில ஒரு அடியை விட்டுட்டேன்," என்றார் சட்டைநாதன். "இவரு சபை நடுவுல சத்தமா எடுத்துக் கொடுத்தாரு. ஜனங்க சிரிச்சாங்க. என் சம்பந்தி முன்வரிசையில உட்கார்ந்திருந்தாரு. அவரும் சிரிச்சாரு."

"தெரியும்ணே," என்றார் வைத்திலிங்கம்.

"என்ன தெரியும்?"

"பக்கத்துப் பாயில படுத்திருக்கேனே. அன்னையிலேருந்துதான் அந்தச் சத்தம். நானும் மூணு வருஷமா சரியாத் தூங்கல. கிட்ட வந்து காதோட சொல்லியிருக்கணும். தினம் பிழை பொறுக்கன்னு கேட்டேன், நீங்க பொறுத்தேன்னுட்டீங்க. அதுக்கு மேல என்ன கேக்கறதுன்னு தெரியல."

சட்டைநாதன் முதல்முறையாக அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். கண்ணுக்கடியில் கருவளையம்.

"பொறுக்கலப்பா," என்றார். குரல் கணீரென்று வரவில்லை, உடைந்த பல் வழியே பாதி காற்றாக வந்தது. "இன்னும் பொறுக்கல."

வைத்திலிங்கம் தலையசைத்தார்.

"சரி, படுங்க," என்றார் குரு.

சட்டைநாதன் படுத்தார். வைத்திலிங்கம் மறுபடி விரலைக் கொண்டுவந்தார். சட்டைநாதன் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"சாமி, தூக்கத்துல நிஜமாவே கடிச்சிட்டா?"

"கத்துவாரு," என்றார் குரு. "நீங்க முழிச்சுக்குவீங்க. இந்தத் தகட்டைப் பாருங்க, பத்து நாளும் ஒரு சத்தம் போடல."