தண்ணிக் கல்லும் எண்ணெய்ப் படியும்

ஆவாரங்காடுன்னு ஒரு ஊருல காத்தாயின்னு ஒருத்தி இருந்தா. புருசன் போய்ச் சேந்துட்டான், புள்ளகுட்டி கிடையாது, ஒரு செக்கும் ஒரு கெழட்டுக் காளையும்தான் துணை. எள்ளு ஆட்டி, கோயில் விளக்குக்கு மாசம் ஒரு படி எண்ணெய் அரமனையில கொண்டுபோய் அளப்பா.

அப்புறம் என்னாச்சு, அரமனை உக்கிராணத்துக்குச் சடையப்பன்னு ஒருத்தன் புதுசா வந்தான். உக்கிராணம்னா சாமான் வைக்கிற அறைடா. "இனிமே படி கிடி கிடையாது, தராசுதான்"னான். படிக்கு எவ்வளவு எடை? அந்தப் பய எல்லாரும் பாக்க ஒரு படி தண்ணிய நிறுத்து, அதுக்குச் சரியா ஒரு கல்லைச் செதுக்கி வச்சுக்கிட்டான். காத்தாயி படி தளும்பக் கொண்டுவந்தா, கல்லு கீழ போச்சு, எண்ணெய் மேல போச்சு. "கொறையுது, ஊத்து"ன்னான், ஊத்துனா. அடுத்த மாசமும் கொறஞ்சுது, ஊத்துனா. மூணாம் மாசமும் கொறஞ்சுது, "படி நெறையத்தானே சாமி இருக்கு"ன்னு அழுதா. "திருடி! சாமி எண்ணெயிலயே கைவைக்கிறியா? இன்னொரு தடவை கொறஞ்சா ஊரைவிட்டே துரத்திருவேன்"னு ஊரே கேக்கக் கத்துனான். கூட ஊத்துன எண்ணெய் எங்க போச்சுங்கிறியா? கோயிலுக்குப் படியில அளந்து குடுத்துட்டு, மிச்சத்தை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டான், வேறெங்க!

அன்னையிலருந்து பிண்ணாக்கு கேட்டு யாரும் வரல, நெருப்பு கேட்டு யாரும் வரல, "ஏ காத்தாயி"ன்னு வாசல்ல நின்னு கூப்பிடக்கூட யாரும் வரல. பாவம், அவளுக்குச் சோறே எறங்கல. மாட்டுகிட்டயே பேசிக்கிட்டுக் கெடந்தா.

ஒரு நா பொழுதுசாய விளக்கு வைக்கப் போனா. எண்ணெய் மிச்சமாகட்டும்னு கிண்ணத்துல பாதி தண்ணி ஊத்தி, மேல எண்ணெய் விட்டுத் திரியை மெதக்கவிடுவா. அதையே வெறிச்சுப் பாத்துக்கிட்டிருந்தவ, "அட, எண்ணெய் மேலல்ல மெதக்குது! அப்ப எண்ணெய்தானே லேசு? தண்ணிக் கல்லுக்கு எப்படிச் சரியா வரும்?"னா. யாருகிட்ட சொல்லுவா? காளைகிட்ட சொன்னா. அது காதை ஆட்டுச்சு.

விடிஞ்சதும் ராசாகிட்ட போனா.

"உனக்காகப் பேச யாரு வந்திருக்கா?"ன்னாரு ராசா.

"யாருமில்ல மகாராசா. மாடு வந்திருக்கு, வெளிய நிக்குது."

சபையே சிரிச்சுது. அவ சிரிக்கல. ஒரு கிண்ணத்துல எண்ணெயை ஊத்தி, அதுமேலயே தண்ணிய ஊத்துனா. எண்ணெய் மேல ஏறிக்கிச்சு. "எது கனமோ அது அடியில கெடக்கும்ல மகாராசா? அந்தக் கல்லு தண்ணிக்குச் செதுக்குனது. நான் திருடியில்ல"ன்னா.

ராசா ஆளனுப்புனாரு. சடையப்பன் வீட்டுப் பொறக்கடையில ஒரு சட்டியில ஒளிச்சுவச்ச எண்ணெய்!

"எண்ணெயை அவகிட்டயே குடு. உனக்கு மாசச் சம்பளம் ஒரு படி தேனு தானேடா? இனிமே உன் கல்லாலயே நிறுத்து வாங்கிக்க"ன்னாரு ராசா. தேனு தண்ணியவிடக் கனமாச்சே! கலயத்துல முக்காப்படி விழறதுக்குள்ள தராசு டொக்குன்னு எறங்கிருச்சு. "படி நெறையலியே மகாராசா"ன்னு அழுதான். "அவளும் அப்படித்தானேடா அழுதா"ன்னாரு ராசா.

மறுநா எதுத்த வீட்டுப் பொன்னாத்தா வாசல்ல வந்து தயங்கித் தயங்கி நின்னு, "அக்கா, கொஞ்சம் பிண்ணாக்கு இருக்கா?"ன்னா. காத்தாயிக்குக் கண்ணு கலங்கிருச்சு. "பிண்ணாக்கு இருக்குடி, நெறைய இருக்கு. மொதல்ல உள்ள வந்து உக்காரு, செத்த நேரம் பேசிட்டுப் போ"ன்னா.

செக்கும் நின்னுச்சு, காளையும் படுத்துச்சு, காத்தாயி வீட்டுல பேச்சுச் சத்தம் கேக்குது. நீங்க பேசாமப் படுங்க.